முதல் கயிறு யாருக்கு

மார்ச் 4, திங்கள்

டெர்மட் இன்றைக்குக் கயிற்றுப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டான். காலைக் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, மின்சார பில் வந்த உறையின் பின்பக்கத்தில் ஒரு சவப்பெட்டி வரைந்தான். தலைமாட்டில் ஒன்றாம் எண், கால்மாட்டில் இரண்டாம் எண், பக்கத்துக்கு மூன்றாக மிச்சம். எட்டுக் கயிறு, எட்டுப் பேர். குழிக்குள் இறக்கும்போது யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பது என்று வீட்டு ஜனங்கள்தான் உட்கார்ந்து பேசுவார்கள். போகிறவனே எழுதி வைப்பதை டண்டீயின் இந்த லாக்கிப் பகுதியில் நான் பார்த்ததில்லை.

"இப்பவே எதுக்கு இது?" என்றேன்.

"செத்தப்புறம் எழுத முடியாதுடி. கை நடுங்கும்."

ஒன்றாம் எண்ணில் என் பெயர். வேறு யார் இருக்கிறார்கள்? கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணன், புருஷனை அனுப்பிவிட்ட தங்கை. மற்ற ஏழு இடத்துக்கு நாலு பேரை எழுதி, அதில் ரெண்டு பேரை மத்தியானத்துக்குள் அடித்துவிட்டான். ஒருவன், பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன். இன்னொருவன், வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்தவன்.

டாக்டர் கோடைவரைக்கும் என்றார். கோடையின் எந்த முனை என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 9, சனி

பேக்கரியிலிருந்து வந்ததும் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். எரியூட்டினால் எல்லாம் சுலபம், இப்போது பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள் என்று.

"அங்க கயிறு கிடையாது. ஒருத்தன் பொத்தானை அமுக்குவான், திரை மூடிக்கும். அம்மா பக்கத்துல குன்று மேல போடு. முப்பத்திநாலு வருஷம் இந்த ஊரையே பஸ்ல ஏத்தி இறக்கினேன். என்னை இறக்க எட்டுப் பேர் வர மாட்டாங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தான். கால் சில்லிட்டிருக்கிறதா என்று போர்வையைத் தூக்கிப் பார்த்தேன், வேறு என்ன செய்ய. அவன் கால் எப்போதும் ஐஸ்தான். வெந்நீர்ப் பையை மாற்றி வைத்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

கல்லறை அலுவலகம். அரை நாள் லீவு போட்டுப் போனேன். ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

கணினி முன்னால் இருந்த பெண் நல்லவள்தான். "இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கும்மா. அஞ்சு பேர் இருக்காங்க" என்றாள்.

நாலு பேர் என்றேன். கல்லில் நாலு பெயர்தானே. கொள்ளுப்பாட்டி சூசன் கீனன், அவள் மகன் தாமஸ், அப்பா, அம்மா. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் அந்தக் கல்லைத் துடைத்தவள் நான்.

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். முதல் வரி: பிரிஜிட் மெக்வேட், 1909. உரிமைதாரரும் அவளேதான். அந்த இடம் எங்களுடையதே இல்லை! அப்பா அம்மாவைப் புதைத்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது உரிமைதாரரோ அவர் வாரிசோ கையெழுத்துப் போடாமல் மண்ணைத் தோண்டக் கூடாதாம்.

யார் இந்த பிரிஜிட்? எங்கள் தெருவில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு பிரிஜிட் தலையில்தான் விழும். அயர்லாந்திலிருந்து கப்பலேறிய பாதிப் பெண்களுக்குப் புனித பிரிஜிட்டின் பெயர்தான். எனக்கே நடுவில் அதைச் செருகியிருக்கிறார்கள். ஆனால் மெக்வேட் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சுகூடக் கேட்டதில்லை.

மார்ச் 13, புதன்

டெர்மட்டிடம் சொல்லவில்லை. பட்டியலில் மூன்று பேர் இருக்கிறார்கள், என்னையும் சேர்த்து.

மார்ச் 23, சனி

நூலகத்து ஆவண அறையில் சனிக்கிழமை தோறும் வில்மா இருப்பாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேல். ஊரில் யார் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இரண்டு மணி நேரத்தில் இரண்டு தாள் எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்று, 1938-இல் சூசனைப் புதைத்தபோது கொடுத்த அனுமதிச் சீட்டு. கையெழுத்து: ஹியூ கீனன் பீட்ரி, பக்கத்து ஊர் ஆர்ப்ரோத். இரண்டாவது, அந்த ஹியூவின் கல்யாணப் பதிவு, 1921. 'பீட்ரி, முன்பு மெக்வேட். தாய் பிரிஜிட் மெக்வேட், சணல் ஆலை நூற்பாளர், காலமானவர்.' தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் மை கொட்டி வாசிக்க முடியவில்லை.

எனக்குப் பளிச்சென்றது. பிரிஜிட்டின் மகன் நடுவில் ஏன் கீனன் என்று வைத்துக்கொண்டிருக்கிறான்? முறைப்படி அப்பன் இல்லாத பிள்ளைக்கு, அப்பனின் குடும்பப் பெயரை நடுவில் வைத்து ஊருக்குச் சொல்லாமல் சொல்லுவது இந்த நாட்டுப் பழக்கம். சூசனின் புருஷன் பீட்டர் கீனன்! எங்கள் கொள்ளுத்தாத்தா ரெண்டு வீடு வைத்திருந்திருக்கிறார். பாவம் சூசன்.

"ஒரு தாளை வெச்சு ஒரு கதை கட்டாதே நோரா. மக்கள்தொகைக் கணக்கு ரெண்டு பாக்கணும். அடுத்த வாரம் வா" என்றாள் வில்மா.

அடுத்த வாரம் என்பது டெர்மட்டுக்கு மிச்சமிருப்பதில் ஒரு வாரம். அது அவளுக்குத் தெரியாது.

மார்ச் 25, திங்கள்

எல்லாவற்றையும் டெர்மட்டிடம் சொல்லிவிட்டேன். கொள்ளுத்தாத்தா கதையைக் கேட்டு அப்படிச் சிரித்தான், பிறகு அப்படி இருமினான், ஆக்சிஜன் குழாயை நான் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"நம்ம குடும்பத்துல ஒருத்தனாவது கொஞ்சம் சந்தோஷமா இருந்திருக்கான்" என்றான்.

தொலைபேசிப் புத்தகத்தில் ஆர்ப்ரோத் பீட்ரிகள் பதினோரு பேர். அதில் ஒரே ஒரு இ. கே. பீட்ரி. அந்த 'கே' ஒன்று போதாதா?

ஏப்ரல் 6, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது.

ஆர்ப்ரோத்துக்குப் போனேன். எல்ஸ்பெத் கீனன் பீட்ரி, ஹியூவின் மகன் வயிற்றுப் பேத்தி, எழுபத்தெட்டு வயது, நாற்பது வருஷம் டீச்சர். துறைமுகத்துக்கு மேலே வீடு, துடைத்து வைத்த பித்தளைக் கைப்பிடி. குடும்ப விஷயம் என்று போனில் சொல்லியிருந்ததால் நல்ல கோப்பைகளை எடுத்து வைத்திருந்தாள். வெண்ணெய் பிஸ்கட் அவளே சுட்டது. நான் பேக்கரிக்காரி, சொல்கிறேன்: நல்ல பிஸ்கட்.

நான் என் பெரிய வாயைத் திறந்தேன். நாம் சொந்தம், உங்கள் தாத்தா எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு வெளியில் பிறந்தவர், அதனால் ஒரு கையெழுத்து வேண்டும் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவள் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் இன்னும் கேட்கிறது.

"என் தாத்தா இந்த ஊர் புராட்டஸ்டண்ட் சபையில முப்பது வருஷம் மூப்பரா இருந்தவர். அவரை முறைதவறிப் பிறந்தவர்னு சொல்றீங்க. என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, என் பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கிட்டு."

"அது அந்தக் காலத்துல சகஜம்தானே, மிஸ் பீட்ரி…"

"எங்க வீட்டுல சகஜம் இல்ல. எங்க குடும்பத்துல ஐரிஷ்காரங்களும் இல்ல, கத்தோலிக்கரும் இல்ல."

"அப்ப உங்க பேர்ல கீனன் எங்கேருந்து வந்துச்சு?"

"ஏதோ ஒரு பாட்டி வழி" என்றாள். எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். என் குடையைக்கூட அவளே எடுத்துக் கொடுத்தாள். டீச்சர்கள் கோபத்திலும் எதையும் மறப்பதில்லை.

டெர்மட்டிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. என் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அப்படியென்றால் சண்டை என்று அர்த்தம்.

"நோரா பிரிஜிட் கீனன். ஒரு வயசான அம்மா வீட்டுக்குப் போய், அவங்க தாத்தாவைக் கேவலமாப் பேசிட்டு, கையெழுத்தும் கேட்டிருக்கே. உனக்கு என்ன அவசரம்?"

என்ன அவசரமா? என்ன அவசரம்னா கேக்கறான்! கண்ணாடியில மூஞ்சியைப் பாத்தானா இந்த மனுஷன்?

ஏப்ரல் 13, சனி

வில்மாவின் இரண்டு தாள்கள் ஒரு கட்டாகிவிட்டன. நான் கேட்ட கதையில் பாவம் செய்தவர்கள் யாருமே இல்லை, நான் ஒருத்தியைத் தவிர.

பீட்டர் கீனன் 1896-இல் அயர்லாந்தில், மோனஹனிலேயே செத்துப் போனார், காய்ச்சலில். சூசன் கைக்குழந்தை தாமஸோடு தனியாகத்தான் டண்டீக்குக் கப்பலேறினாள். ஹியூ பிறந்தது 1898. செத்தவன் எப்படி அப்பனாவான்? ஹியூவின் பிறப்புப் பதிவில் அப்பன் பெயர் தெளிவாக இருக்கிறது: பிரான்சிஸ் மெக்வேட், ராணுவ வீரன், பிரிஜிட்டின் கல்யாணம் செய்த புருஷன். தென்னாப்பிரிக்காவில் செத்தவன். எல்லாம் முறைப்படி. அந்தப் பதிவில் கீனன் என்ற பெயரே இல்லை.

1901 கணக்கு: லாக்கியில் ஒரே ஒரு அறை. குடும்பத் தலைவி பிரிஜிட் மெக்வேட், சணல் ஆலை, விதவை. மகன் ஹியூ, மூன்று வயது. குடியிருப்பவள் சூசன் கீனன், விதவை. அவள் மகன் தாமஸ், ஐந்து. இரண்டு பெண்களும் மோனஹனில் ஒரே பங்குத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். ஒருத்தி ஆலைக்குப் போயிருக்கிறாள், இன்னொருத்தி இரண்டு பையன்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

1909-இல் பிரிஜிட் போய்விட்டாள். நெஞ்சில் சணல் தூசி. தன் சாவுக்கென்று சீட்டுக் கட்டி அந்த இடத்தை அவளே வாங்கியிருக்கிறாள். ஹியூவுக்குப் பதினொரு வயது.

1911 கணக்கு: தலைவி சூசன் கீனன். மகன் தாமஸ், பதினைந்து. அடுத்த வரி: மகன் ஹியூ, பதின்மூன்று.

மகன். கணக்கெடுக்க வந்தவனிடம் சூசன் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். குடியிருப்பவன் இல்லை, அநாதை இல்லை. மகன்.

பிறகு மெக்வேட் என்ற ஐரிஷ் பெயருக்குத் தச்சு வேலை கிடைக்காத நாளில், பெண்டாட்டி வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு பீட்ரி ஆகியிருக்கிறான். அயர்லாந்தையே கழற்றிப் போட்டவன், நடுவில் கீனனைத் தானாகவே எடுத்து வைத்துக்கொண்டான். யாரும் வைத்த பெயர் இல்லை அது.

"நான் சொன்னேன்ல" என்று வில்மா சொல்லவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தாள். அது இன்னும் மோசம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

டெர்மட் எல்லாத் தாளையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தான்.

"அப்ப அந்த டீச்சரம்மாவுக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"இல்ல."

"எண்பது வருஷமா அந்த பிரிஜிட் இடத்துல நாம குடியிருக்கோம். கல்லுல அவங்க பேரைக்கூட நாம போடல."

பட்டியல் எழுதிய உறையை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இனிமே கேக்காதே நோரா. அது டீச்சரம்மா இடம். இருக்கறது ஒண்ணு, அதையும் புடுங்கறது நல்லா இல்ல. அந்தப் பொத்தானை அமுக்கறவனையே கூப்பிடு."

உறையை நான் வாங்கவில்லை. மேஜையில் வைத்தான். மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

எல்ஸ்பெத்துக்குக் கடிதம். ஐந்து தடவை கிழித்தேன். கடைசியில் சின்னதாகத்தான் வந்தது: நான் சொன்னது தப்பு. உங்கள் தாத்தா நல்ல கல்யாணத்தில் பிறந்தவர். கீனன் என்பது உங்கள் பாட்டி வழி இல்லை, அவரை வளர்த்த பெண்ணின் பெயர். தாள்களின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். எதுவும் கேட்டு எழுதவில்லை. மன்னியுங்கள்.

உண்மையிலேயே எதுவும் கேட்கவில்லை. தபால்பெட்டியில் போட்ட பிறகு, கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. நான் அப்படிப்பட்டவள்தான்.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

பதில் இல்லை. டெர்மட் அரை முட்டை சாப்பிட்டான்.

மே 2, வியாழன்

நாலு நாள் மருத்துவமனை, இன்று வீடு. தூக்கிக் கட்டிலில் வைத்தபோது எடையே இல்லை. உறை மேஜையில் இல்லையே என்று தேடினால், தலையணைக்கு அடியில் இருக்கிறது. பார்க்காத மாதிரி விட்டுவிட்டேன்.

மே 11, சனி

பதினொரு மணிக்கு மணி அடித்தது. தபால்காரர் என்று நினைத்து மாவுக் கையோடு திறந்தேன். எல்ஸ்பெத் பீட்ரி. தொப்பி, கையுறை, கைப்பையில் என் கடிதம்.

"உள்ளே அப்புறம் வரேன். முதல்ல அந்தக் குன்றைக் காட்டுங்க" என்றாள்.

டாக்சி எடுத்தோம். கல்லறை வாசலில் இறங்கியதும் நான் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. எனக்கு முன்னால் நடந்தாள். இடது பக்கம் திரும்பி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, சிவப்புக் கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். கீழே டே நதி வெயிலில் கிடந்தது.

"ஏழு வயசுல தாத்தா என்னை இங்க கூட்டிட்டு வந்திருக்கார். எந்த ஊருன்னுகூட எனக்குத் தெரியாது. கறி வெச்சு மடிச்ச பிரைடி ஒண்ணு வாங்கி, பாதியை எனக்குப் பிட்டுக் கொடுத்தார். அதோ அந்தச் சுவர்மேல உக்காந்து சாப்பிட்டோம். தொப்பியைக் கழட்டினார். இங்க யார் தாத்தா இருக்காங்கன்னு கேட்டேன். 'என் ரெண்டு அம்மாவும்'னார். என்னை வேடிக்கை பண்றார்னு நினைச்சேன். வீட்டுல பாட்டிகிட்ட சொல்லாதேன்னார். சொல்லல. எழுபத்தோரு வருஷமா யார்கிட்டயும் சொல்லல."

கல்லில் சூசன் பெயரின்மேல் கையுறையைக் கழற்றிவிட்டு விரலை வைத்தாள். நான் தள்ளி நின்றேன். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பி வந்ததும் டெர்மட் எழுந்து உட்கார்ந்துகொண்டான். தலையை வாரிக்கொள்ளச் சீப்பு கேட்டான், அதிசயமாக.

"நோரா உங்களை இழுத்துட்டு வந்தாளா?"

"நான் பஸ்ல வந்தேன்."

"எழுபத்திமூணாம் நம்பரா? டிரைவர் சரியா ஓட்டினானா?"

"பிரேக்கை அடிக்கடி அமுக்கறான்."

"புதுப் பசங்க. முன்னால பாக்க மாட்டாங்க, கண்ணாடியிலயே அழகு பாத்துக்கிட்டிருப்பாங்க." மூச்சு வாங்கினான். "மிஸ் பீட்ரி, அந்த இடம் உங்களோடது. எனக்கு வேண்டாம்."

"எனக்கு ஆர்ப்ரோத்துல இடம் இருக்கு, அப்பா அம்மா பக்கத்துல. ஆனா எனக்கு வேண்டாததைத் தூக்கிக் கொடுக்கறேன்னு நினைச்சுடாதீங்க. அப்படி நான் யாருக்கும் கொடுக்கறதில்ல. அந்தப் படிவம் எங்க?"

மேஜையில் தன் பேனாவால் எழுதினாள், கரும்பலகையில் எழுதுவதுபோல நிறுத்தி நிறுத்தி. எல்ஸ்பெத் கீனன் பீட்ரி. உறவுமுறை என்று கேட்டிருந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு எழுதினாள்: 'உரிமைதாரரின் கொள்ளுப்பேத்தி.' அதைப் படித்துப் பார்த்து, தன்னையே ஆச்சரியமாகப் பார்க்கிறவள்போலத் தலையை ஆட்டினாள்.

"ஆக நான் ஐரிஷ்காரி" என்றாள்.

"பயப்படாதீங்க. ஒரு வாரத்துல பழகிடும்" என்றான் டெர்மட்.

மே 18, சனி

எல்ஸ்பெத் திரும்பவும் வந்தாள், ஆர்ப்ரோத் புகைமீன் இரண்டை நாளிதழில் சுற்றிக்கொண்டு. டாக்டர் உப்பே கூடாது என்றிருக்கிறார். டெர்மட் ஒரு முழு மீன் தின்றான். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பஸ்ஸில் பையன்கள் செய்யும் அட்டூழியங்களைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். எல்லாக் குற்றவாளிகளும் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள்போல.

அவன் அவளை மிஸ் என்பதை விட்டுவிட்டான்.

மே 25, சனி

பேச்சு குறைந்துவிட்டது. எல்ஸ்பெத் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்தாள். எழுத்துப்பிழை வந்த இடத்தில் பத்திரிகைக்காரனைத் திட்டினாள். டெர்மட் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தான்.

மே 29, புதன்

இன்று பத்து மணிக்கு. நான் வெந்நீர்ப் பையை மாற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது இல்லை.

மே 31, வெள்ளி

யாருக்கு எந்தக் கயிறு என்று அச்சடித்துக் கொடுக்கும் அட்டைகளுக்குச் சவ அடக்கம் செய்பவர் பெயர் கேட்டார். தலையணைக்கு அடியிலிருந்து உறையை எடுத்தேன். ஒன்றாம் எண்ணில் என் பெயரை அடித்திருக்கிறான்.

என் பேரை அடிச்சிருக்கானே! பாவி! மூணு மாசம் பீ மூத்திரம் அள்ளினது நான். சோறு ஊட்டினது நான். தலைமாட்டுக் கயிறு எனக்கு இல்லையா? ரெண்டு மீன் கொண்டாந்தாள்னு நேத்து வந்தவளுக்கு எழுதி வெச்சிருக்கான். ஒன்று: எல்ஸ்பெத். நல்லா இருக்குடா உன் நியாயம்.

உறையைக் கசக்கித் தூக்கிப் போட்டேன். போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுத்துப் பிரித்தேன். ஓரத்தில் பென்சிலில் பொடியாக ஏதோ இருந்தது. கை நடுங்கி எழுதிய எழுத்து, ஜன்னலோரம் கொண்டுபோய்த்தான் படிக்க முடிந்தது.

'வீட்டுக்காரி அவங்க. அவங்கதான் வாசல்ல நின்னு உள்ளே கூப்பிடணும். நோராவுக்கு ரெண்டு. என் கால் அவளுக்குத்தான் தெரியும்.'

ஜூன் 6, வியாழன்

முடிந்தது.

பூசைக்கு முன்னால் எல்ஸ்பெத் என் காதோடு கேட்டாள்: "நான் எப்ப எழுந்திருக்கணும்?"

"நான் எழுந்திருக்கறப்ப."

"எப்ப முழங்கால் போடணும்?"

"நீங்க போட வேண்டாம்."

போட்டாள். எழுந்திருக்கத்தான் என் தோள் வேண்டியிருந்தது.

எட்டுப் பேர் வர மாட்டார்களா என்று கேட்டானே. குன்றில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். பாதை முழுக்க ஜனம். பணிமனையிலிருந்து சீருடையோடு நாற்பது டிரைவர்கள், வேலை நேரத்தை ஆளுக்காள் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பட்டியலில் அடிபட்டவர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒருவன் இன்றைக்கும் ரொம்ப நேரம் இருந்தான். எட்டாவது கயிறு வில்மாவுக்கு.

எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒன்று என்றதும் எல்ஸ்பெத் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு முன்னால் வந்தாள். சின்ன உருவம். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள். நான் எதிரே, கால்மாட்டில். எல்லோரும் விட விட, அவளையே பார்த்துக்கொண்டு நானும் விட்டேன். பெட்டி சாயவே இல்லை.

கடைசியில் கயிற்று நுனியை உள்ளே போடும்போது அவள் குனிந்து ஏதோ சொன்னாள். என்ன என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

வெந்நீர்ப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

அக்டோபர் 3, வியாழன்

கல் வேலை முடிந்ததென்று கல்தச்சர் போன் செய்தார். பேக்கரியிலிருந்து அப்படியே போய்ப் பார்த்தேன். எல்லோருக்கும் மேலே பிரிஜிட் மெக்வேட், கீழே டெர்மட். நடுவில் இடம் நெருக்கம்தான், ஒரே அறைக் குடித்தனம். ஒரு பிரைடி வாங்கிப்போயிருந்தேன். சுவர்மேல் உட்கார்ந்து பாதி தின்றேன்.

வீட்டுக்கு வந்தால் ஆர்ப்ரோத்திலிருந்து உறை. எல்ஸ்பெத் தன் கயிற்றுப் பட்டியலை அனுப்பியிருக்கிறாள், அடிக்கோலால் கட்டம் போட்டு. 'உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. வேலையைத் தள்ளிப்போடுவது எனக்குப் பிடிக்காது' என்று ஒரு வரி. ஏழு இடத்தில் பெயர்கள் முழுசாக இருக்கின்றன. முதல் இடத்தில் மட்டும் 'நோரா' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு. 'அட்டையில் முழுப்பெயர் போட வேண்டும். நடுப்பெயரையும் சேர்த்து நீயே எழுதி அனுப்பு.'

பேனாவை எடுத்து எழுதினேன். நோரா பிரிஜிட் கீனன்.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை மேரி பிரிஜிட். அவள் மகள் ஆன் பிரிஜிட். நான். அந்தப் பெயரை முதலில் வைத்தவர் அந்த ஒரே அறையில் வளர்ந்த தாமஸ் தாத்தா, தன் மூத்த மகளுக்கு. புனிதரின் பெயர் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். புனிதராகவும் இருக்கலாம்.

வீட்டில் தபால்தலை இல்லை. நாளைக்கு வாங்கணும்.